தியோர்போ, லூட்-கிதார், ஹார்ப் கிதார்: வாசித்தவர்களின் அனுபவங்கள்

கிதார் வாசிப்பவர்:
பல ஆண்டுகள் கிதாரில் பழகிய கையோடு ஒரு கலைஞரின் தியோர்போவை மடியில் வாங்கியபோது, அதுவரை கற்றதில் பாதிதான் எனக்குத் துணைக்கு வந்தது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாட்டுக்குப் பக்கவாத்தியமாக இத்தாலியில் உருவான இது, லூட் என்னும் பழைய ஐரோப்பிய தந்தி வாத்தியத்தின் ஒரு வகை; ஏறத்தாழ ஆள் உயரத்துக்கு நீண்டிருக்கும். கழுத்தின் நீட்சியில் உள்ள இரண்டாம் தலை வரை ஓடும், தாழ்ந்து ஒலிக்கும் மந்திரத் தந்திகளை இடக்கை அழுத்துவதே இல்லை. வலக்கைக் கட்டைவிரல் அவற்றை அப்படியே மீட்டுகிறது. அது எளிதில் பழகிவிட்டது. என்னைத் திணற வைத்தவை முதல் இரண்டு தந்திகள்தாம். 80 செ.மீ.க்கு மேல் நீளும் குடல் நரம்பை அவற்றுக்குரிய உச்ச சுருதிக்கு முறுக்கினால் அறுந்துவிடும் என்பதால் அவற்றை ஒரு ஸ்தாயி இறக்கிக் கட்டினார்கள்; ஆகவே மூன்றாம் தந்திதான் எல்லாவற்றிலும் உயர்ந்து ஒலிக்கிறது. சாதாரண ஆரோகணத்துக்குக்கூட விரல்கள் தந்தி விட்டுத் தந்தி தாவ வேண்டியிருந்தது. அப்படித் தாவும்போது முந்தைய சுரம் அணையாமல் அடுத்ததோடு கலந்து நிற்பதைக் கேட்ட பிறகு, கிதாரில் ஒரே தந்தியில் ஓடும் வரிசைகள் எனக்குச் சற்று வறண்டே ஒலிக்கின்றன.

வாத்தியம் பழுதுபார்ப்பவர்:
நண்பரே, லூட் என்று சொல்லி என்னிடம் வருபவற்றில் பல, லூட்-கிதார்களாகவே இருக்கின்றன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் வாண்டர்ஃபோகல் என்ற இளைஞர் இயக்கத்தினர் நடைப்பயணங்களில் பாடுவதற்கு இவற்றை விரும்பி எடுத்துச் சென்றார்கள். குடம் லூட்டினுடையது, ஆறு ஒற்றைத் தந்திகளும் விரற்பலகையில் பதித்த உலோக மெட்டுகளும் கிதாரினுடையவை. பழைய லூட்டிலோ தந்திகள் பெரும்பாலும் இரட்டையாக ஓடும், மெட்டுகள் குடல் நரம்பால் கட்டப்பட்டிருப்பதால் சுருதிக்கேற்ப நகர்த்தவும் முடியும், மேற்பலகை ஏறத்தாழ 2 மி.மீ. கனத்தையே கொண்டிருக்கும். அதனால்தான் மெல்லத் தொட்டாலே அது பேசுகிறது.

ஆயினும் லூட்-கிதாரைப் போலி என்று இகழ்வதை நான் ஏற்பதில்லை. கூடிப் பாடுவோருக்கு எளிதில் வாசிக்கக்கூடிய ஒரு துணை தேவைப்பட்டது, அதை இது நிறைவாகவே செய்தது. லூட் இசையைத் தேடிப் போகவும் பலருக்கு இதுவே வழிவிட்டிருக்கிறது. உண்மையான லூட் கிடைக்காதவர்கள் இதிலோ கிதாரிலோ மூன்றாம் தந்தியை அரைச் சுரம் இறக்கி, மூன்றாம் மெட்டில் எல்லாத் தந்திகளையும் ஒருசேர அழுத்தும் கேபோ என்ற பிடியை மாட்டினால், ஆறு வரிசைத் தந்திகள் கொண்ட மறுமலர்ச்சிக் கால லூட்டின் சுருதி அமைந்துவிடும். விரல் வைக்கும் இடங்களைக் குறிக்கும் பழைய டேப்லேச்சர் குறிப்புகளை அப்படியே வாசிக்கலாம். கனத்த எஃகுக் கம்பிகளைப் பழைய குடத்தில் மாட்டிப் தந்திகளைத் தாங்கும் பாலம் பெயர்ந்த வாத்தியங்களைப் பார்க்கும்போதுதான் மனம் பதைக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

ஹார்ப் கிதார் கலைஞர்:
தியோர்போவின் மந்திரத் தந்திகளைப் பற்றிப் படித்தபோது என் வாத்தியமே நினைவுக்கு வந்தது, ஏனெனில் ஹார்ப் கிதாரிலும் விரற்பலகைக்கு வெளியே தனிக் கம்பிகள் அழுத்தப்படாமல் ஒலிக்கின்றன. ஜாஸ் கிதார் கலைஞர் பேட் மெத்தீனிக்காக, கிதார் செய்பவரான லிண்டா மான்சர் 1984இல் உருவாக்கிய பிக்காசோ கிதாரில் மொத்தம் 42 கம்பிகள். கம்பி பெருகப் பெருக மீட்டுவதைவிட ஒலியை அணைப்பதே பெரிய வேலையாகிறது. ஒரு மந்திரக் கம்பியை மீட்டிவிட்டு அடுத்ததற்குப் போகும்போது, முந்தையதைக் கட்டைவிரலின் பக்கவாட்டால் தொட்டு நிறுத்தாவிட்டால் இரண்டும் மோதி ஒலி குழம்பிவிடும். தொடங்குபவர்கள் பாடல்களுக்குப் போகும் முன் இந்த அணைப்பை மட்டும் தனியே பயிற்சி செய்யட்டும்.