வெறுநீர்: வண்டலை இழந்த ஆற்றுநீருக்கு ஒரு சொல்

அன்புடையீர், வணக்கம்.

தென்கிழக்காசியாவின் மேக்கோங் ஆற்றின் நீர்மின் அணைகளைப் பற்றிய கட்டுரையில் வரும் 'ஹங்ரி வாட்டர்' (பசித்த நீர்) என்பதற்குத் தமிழ்ச்சொல்லாக இதுவரை வந்துள்ள 'தெளிநீர்', 'அணைநீர்', 'பசிநீர்' ஆகிய மூன்று பரிந்துரைகளையும் படித்தேன். ஆறுகளை ஆராயும் அமெரிக்க அறிஞர் மத்தயஸ் கொண்டோல்ஃப் 1997இல் தம் ஆய்வுக் கட்டுரையின் தலைப்பிலேயே கையாண்ட தொடர் இது. ஓடும் நீருக்கு மண்ணையும் மணலையும் சுமக்கும் ஆற்றல் உண்டு. நீர்த்தேக்கத்தில் அந்தச் சுமை அடியில் தங்கிவிட, மின்சாரம் ஆக்கும் சுழலியைக் (டர்பைன்) கடந்து வெளியேறும் நீர் சுமையின்றி, ஆனால் சுமக்கும் ஆற்றல் குறையாமல் ஓடி, இழந்ததை ஆற்றுப்படுகையிலும் கரையிலுமிருந்து அள்ளிக்கொள்கிறது.

அவற்றுள் 'தெளிநீர்' செவிக்கு இனியதே. எனக்குத் தயக்கம் தருவதும் அந்த இனிமைதான். தமிழில் தெளிவு என்பது குணம், கலங்கல் என்பது குற்றம். ஆற்றில் மட்டும் அது தலைகீழ். நுங்கும் நுரையுமாகச் செந்நிறத்தில் வரும் புதுவெள்ளத்தைக் கண்டு மகிழ்பவர்கள் நாம். 2019ஆம் ஆண்டின் இறுதியில், தாய்லாந்தின் நக்கோன் பனோம் அருகே, எப்போதும் பழுப்பாக ஓடும் மேக்கோங் நீல நிறமாகத் தெளிந்தது. அவ்வாண்டின் வறட்சியால் நீரோட்டம் தளர்ந்ததும் அதற்கு ஒரு காரணம் என்றாலும், வண்டல் குறைந்துபோனதன் அடையாளமாகவே அது பேசப்பட்டது. வண்டலோடு மீனுக்கான ஊட்டமும் குறைகிறது. கோடையில் நீர் வடிந்த கரையில் காய்கறி பயிரிடும் குடும்பங்களுக்குப் புதுமண் கிடைப்பதில்லை. ஆண்டுக்குச் சுமார் 16 கோடி டன் வண்டலைப் பெற்றுவந்ததாகக் கணிக்கப்பட்ட ஆற்றின் கீழ்ப்பகுதியில், வியட்நாமின் கழிமுகம் வரை, கரையோர வீடுகள் சரிகின்றன. இதற்குத் 'தெளிநீர்' என்று பெயரிட்டால், படிப்பவர் வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போவார்.

'அணைநீர்' பொருந்தாது. ஆற்றுமணலை ஆழமாக அள்ளிய குழிகளிலும் வண்டல் சிக்கிக்கொள்வதால், அவற்றுக்குக் கீழேயும் நீர் இதே தன்மையை அடைகிறது.

'பசிநீர்' நேரான ஆக்கம். ஆறு கரையைத் தின்கிறது என்று சொல்லும் மொழிக்கு அந்த உருவகம் அயலும் அன்று. எனினும் தனித்து நிற்கையில் அது பசிக்குக் குடிக்கும் நீராகாரம்போல் ஒலிக்கிறது.

ஆகவே 'வெறுநீர்' என்பதை முன்வைக்கிறேன். வெறுங்கை, வெறுநிலம் என்பவற்றில் உள்ள வெறுமையே இதிலும் உள்ளது. வெறும் வயிறு என்று சொல்லும்போது பசியும் உடன் வந்துவிடுகிறது. வெறுப்போடு மயங்கும் என்று ஒருவர் சொல்லக்கூடும். வெறுங்கையைப் பார்த்து எவரும் அப்படி மயங்குவதில்லை. 'வெறுநீர் அரிப்பு', 'வெறுநீர்ப் பகுதி' என்று கிளைச்சொற்களும் தடையின்றி அமைகின்றன.

"அணைக்குக் கீழே வெறுநீர் கரையை அரிப்பதால் சிற்றூர்கள் பின்வாங்குகின்றன" என்ற தொடரை உரக்கப் படித்துப் பார்த்து, எங்கேனும் இடறினால் தெரிவிக்க வேண்டுகிறேன்.