பழைய புத்தகங்களைச் செதுக்கும் டிராயிங் மாஷ்: நேரில் கண்டவர்களின் அனுபவங்கள்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து (பாலக்காடு மாவட்டம், கேரளம்):

வேலந்தாவளம் சோதனைச் சாவடியைத் தாண்டி எங்கள் ஊருக்கு வரும் வழியில், ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் (எங்கள் பக்கத்தில் 'டிராயிங் மாஷ்') ஒருவர் பழைய புத்தகங்களை வெட்டிச் சிற்பம் செய்கிறார் என்று கேள்விப்பட்டபோது எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. புத்தகத்தில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வீட்டில் வளர்ந்தவன் நான். ஆனால் அப்பா தவணை கட்டி வாங்கிய ஆங்கிலக் கலைக்களஞ்சியத்தை ஆக்ரிக்கடைக்காரர்கூட (பழைய பொருள் வாங்குபவர்) எடுக்கத் தயங்கினார். (பிரிட்டானிக்காவே, 32 தொகுதிகள் கொண்ட 2010 பதிப்போடு அச்சை நிறுத்துவதாக 2012இல் அறிவித்துவிட்ட பிறகு, அவரை நொந்து என்ன பயன்?) ஆகவே ஒரு தொகுதியைப் பையில் போட்டுக்கொண்டு மாஷின் வீட்டுத் திண்ணைக்குப் போனேன்.

அவர் புத்தகத்தை மூடியபடியே இரு பலகைகளுக்கிடையே இறுக்கி, விளிம்புகளில் வார்னிஷ் பூசிக் காயவைத்திருந்தார். காய்ந்தபின் அது மரக்கட்டையாகவே ஆகிவிடுகிறது. பிறகு மேலட்டையில் சன்னல்போல் ஒரு திறப்பு வெட்டி, அறுவைக் கத்தியும் இடுக்கியுமாகத் தாள் தாளாக உள்ளே இறங்குகிறார். பிடித்த படத்தைச் சுற்றிலும் வெட்டி அதை அச்சான இடத்திலேயே நிற்கவிட்டு, மற்றதை எடுத்துவிடுகிறார். எதையும் இடம் மாற்றி ஒட்டுவதில்லை. அமெரிக்கக் கலைஞர் பிரையன் டெட்மரின் வழி இது என்று அவரே சொன்னார். நான் இருந்த இரண்டு மணி நேரத்தில் பத்துப் பன்னிரண்டு தாள்கள்தாம் கழிந்தன. சிங்கி இறாலின் கொடுக்குக்குப் பின்னால் ஒரு பூட்டின் உட்புறமும், அதற்கும் பின்னால் ரயில் எஞ்சினின் சக்கரமும் தலைகாட்டின. ஆங்கில அகரவரிசையைத் தவிர இம்மூன்றுக்கும் வேறு உறவு கிடையாது. ஆனால் அந்தச் சன்னலுக்குள் அவை ஒரே இயந்திரத்தின் உறுப்புகளாகத் தெரிந்தன.

மறுமுறை, பெ. தூரன் தலைமையில் தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட 10 தொகுதிக் கலைக்களஞ்சியத்தில் எங்களிடம் எஞ்சியிருந்த மூன்றைக் கொண்டுபோனேன். புரட்டிப் பார்த்தவர், "இதை இன்னும் எடுத்துப் படிக்க ஆள் இருக்குதுங்க, கத்தி வைக்க மாட்டேன்" என்று திருப்பித் தந்துவிட்டார். என் கோபம் போன இடம் அதுதான்.

சித்தூரிலிருந்து (பாலக்காடு மாவட்டம்):

மேலே எழுதியவரின் அனுபவத்தைப் படித்து, மாஷ் தமிழ்ப் புத்தகங்களையே தொடமாட்டார் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். என் மாமனார் சேர்த்துக் கட்டிவைத்திருந்த பஞ்சாங்கங்களை, ராமபாணப் பூச்சி அரித்து ஒரு வரிகூடப் படிக்க முடியாமல் போன பிறகு, அவர் தயங்காமல் வாங்கிக்கொண்டார். பூச்சி போட்ட துளைகளை அவர் அடைக்கவில்லை; அவற்றின் போக்கிலேயே கத்தியை ஓட்டி, எங்கள் சித்தூர்ப்புழை வளைந்து செல்வதுபோல் ஒரு பள்ளத்தை இறக்கியிருந்தார். கரையில் ராகுகாலக் கட்டங்கள் படிக்கட்டுகளாக நின்றன. கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கச் சொன்னதை நான்தான் கேட்கவில்லை. இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் ஈரம் குடித்து அட்டை உப்பிவிட்டது, அடுத்த வாரம் அவரிடமே எடுத்துப் போகவேண்டும்.