ஃபோர்க் பொத்தானுக்குத் தமிழில் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

தாம்பரம், திங்கள் இரவு

அனைவருக்கும் வணக்கம்.

சனிக்கிழமைதோறும் பன்னிரண்டு கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கிட் (நிரலில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் வரலாறாகச் சேர்த்து வைக்கும் கருவி) சொல்லித் தருகிறேன் என்று முன்பே எழுதியிருந்தேன். போன வாரம் நடந்த கூத்தைச் சொல்லிவிட்டுக் கேள்விக்கு வருகிறேன்.

பாடக்குறிப்பில் பிராஞ்சுக்குக் ‘கிளை’ என்று போட்டிருந்தேன். அதில் வம்பில்லை. ஃபோர்க்குக்கு (களஞ்சியம் முழுவதையும் தன் கணக்கில் தனி நகலாக எடுப்பது) என்ன போடுவது என்று தெரியாமல் ‘தனிக்கிளை’ என்று போட்டுவிட்டேன். அங்கேதான் சனி பிடித்தது. ஃபோர்க் எடுக்கவேண்டியவர்களில் பாதிப் பேர் எல்லாருடைய நிரலும் இருக்கும் பொதுக் களஞ்சியத்திலேயே கிளை எடுத்துவிட்டார்கள். எல்லாருக்கும் எழுதும் அனுமதி கொடுத்து வைத்திருந்தது என் புத்திசாலித்தனம். ஒரு பையனின் மாற்றத்தைக் கிட் ஏற்க மறுத்து முரண்டு பிடிக்க, அவன் இணையத்தில் தேடிப் பார்த்து முதன்மைக் கிளையின் மேலேயே ஃபோர்ஸ் புஷ் (இருப்பதை அழித்துத் தன்னுடையதைத் திணிக்கும் கட்டளை) கொடுத்துவிட்டான். மூன்று வாரப் பாடமும் போயிற்று. கடைசி வரிசைப் பெண் ஒருத்தி முந்தைய நாளே முழுவதையும் தன் மடிக்கணினியில் குளோன், அதாவது முழுப் பிரதி, எடுத்து வைத்திருந்தாள். அவள் புண்ணியத்தில் வரலாறு மொத்தமும் திரும்பக் கிடைத்தது.

ஆக, கிளை என்ற வாடையே இல்லாத ஒரு சொல் எனக்கு வேண்டும். கிளை என்பது அதே வீட்டுக்குள் ஓர் அறை. ஃபோர்க் என்பது வீட்டையே இன்னொன்று கட்டி என் பெயருக்குப் பட்டா வாங்கிக்கொள்வது. அங்கே நான் சுவரை இடித்தாலும் பழைய வீட்டுக்காரருக்கு ஒன்றும் ஆகாது. வெள்ளிக்கிழமை எட்டு மணிக்குள் ஜெராக்ஸ் கடைக்குக் கோப்பு போகவேண்டும்.

வேளச்சேரி, திங்கள் இரவு

ஃபோர்க் என்றே போடுங்கள் சார். பஸ்ஸை பஸ் என்கிறோம், யாரும் செத்துவிடவில்லை.

பெரம்பூர், செவ்வாய் காலை

தம்பி, அதையே போடலாம் என்றால் இந்தக் குழுவே வேண்டாமே.

எனக்கும் இதே சொல் வேண்டும், எனக்கும் கெடு இருக்கிறது. ஃபோர்ஜெஜோவின் தமிழ் இடைமுகத்தை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். தெரியாதவர்களுக்கு: நிரல்களை இணையத்தில் வைத்துப் பகிரும் தளமான கிட்ஹப் செய்கிற வேலையை நம் சொந்த வழங்கியில் (சர்வர்) செய்துகொள்ள உதவும் கட்டற்ற மென்பொருள். முதலில் காக்ஸ் என்று ஒன்று இருந்தது. 2016இல் அதிலிருந்து கிட்டீ பிரிந்தது. 2022இல் கிட்டீயிலிருந்து ஃபோர்ஜெஜோ பிரிந்தது. ஃபோர்க்குக்குப் பிறந்த ஃபோர்க்கில் உட்கார்ந்து ஃபோர்க்குக்குத் தமிழ் தேடுகிறேன். (பெயர் எஸ்பெராண்டோ மொழியில் கொல்லன் பட்டறை. அதைத் தமிழில் ‘உலைக்களம்’ ஆக்கலாம் என்று எனக்கு ஒரு சபலம் உண்டு. அது வேறு இழை.)

இயந்திர மொழிபெயர்ப்பு எனக்குத் தந்த சொல் ‘முள்கரண்டி’. களஞ்சியத்தின் தலைப்பில் ‘12 முள்கரண்டிகள்’ என்று வந்து நிற்கிறது, ஏதோ கல்யாணச் சமையல் காண்டிராக்டர் கணக்கு மாதிரி.

ஒரு நிபந்தனை. இந்தச் சொல் பொத்தானில் வினையாக வரும், தலைப்பில் பெயராக வரும், பக்கத்தில் எண்ணோடு வரும், ‘இதிலிருந்து பிரிந்தது’ என்ற பொருளிலும் வரும். பொத்தானின் அகலமோ சுண்டுவிரல் அளவு. இரண்டு, மூன்று எழுத்துக்கு மேல் போனால் வெட்டிவிடும்.

மயிலாப்பூர், செவ்வாய் மதியம்

அன்புடையீர்,

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறீர்கள். சொல் ‘கவை’.

நம்மில் எல்லாரும் பள்ளியில் படித்த மூதுரைப் பாட்டு: ‘கவையாகிக் கொம்பாகிக் காட்டகத்தே நிற்கும் அவையல்ல நல்ல மரங்கள்.’ கவை வேறு, கொம்பு வேறு என்று ஔவை ஒரே அடியில் பிரித்து வைத்துவிட்டார். கொம்பு உங்கள் பிராஞ்ச். அடிமரமே இரண்டாகப் பிளந்து நிற்கும் இடம் கவை. தாம்பரம் ஆசிரியரின் சிக்கல் இந்த ஓர் அடியில் தீர்ந்தது.

அது மட்டுமில்லை. குறுந்தொகை 324ஆம் பாட்டில் ‘கவைமக நஞ்சுண் டாஅங்கு’ என்று ஓர் உவமை. கவைமக என்றால் இரட்டைப் பிள்ளைகள். இரண்டும் நஞ்சுண்டால் தாய் எதற்காகப் பதறுவாள்? இரண்டுக்காகவும். பாடியவரின் இயற்பெயர் கூட மறைந்து, கவைமகன் என்றே நிலைத்துவிட்டார். ஒரே மூலத்திலிருந்து பிறந்த, ஒரே சாயலுள்ள இரண்டு. இதைவிட என்ன வேண்டும்?

வேரைப் பார்த்தால் இன்னும் சுவை. கவை, கவடு, கவட்டை, கவர். சிலப்பதிகாரத்தில் மதுரைக்கு மூன்றாகப் பிரியும் வழியைச் சிவனின் சூலத்துக்கு ஒப்பிட்டு ‘அருநெறி கவர்க்கும்’ என்கிறார் இளங்கோ. பழந்தமிழில் ‘கவலை’ என்றாலே பிரியும் பாதை. இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று முச்சந்தியில் நிற்பவனின் மனநிலைதான் பிறகு நாம் இன்று படும் கவலை ஆயிற்று என்பது என் துணிபு. தொல்காப்பியர் ‘கவவு அகத்திடுமே’ என்கிறார். கவவு தழுவிக்கொள்வது. பிரிவதும் தழுவுவதும் ஒரே வேரா என்று கேட்பீர்கள். இரண்டு கையும் விரித்தால் கவை, அதே கைகள் சேர்ந்தால் கவவு. பிரிந்த நிரல் மறுபடி மூலத்தோடு சேர்வதற்கும் இடம் இருக்கிறது பாருங்கள்.

கிளை, கிளைத்தல் போலக் கவை, கவைத்தல்.

வேளச்சேரி, செவ்வாய் மாலை

> சொல் ‘கவை’.

ஐயா, பாட்டெல்லாம் அருமை. ஆனால் தெருவில் யாரையாவது நிறுத்திக் ‘கவை’ என்று சொல்லுங்கள். அடுத்த சொல்லாக ‘க்கு உதவாத’ என்றுதான் வரும். கவைக்கு உதவாத பேச்சு, கவைக்கு உதவாத பிள்ளை. தமிழனுக்கு இந்தச் சொல் உயிரோடு இருப்பது அந்த ஒரு வசவில் மட்டும்தான்.

இன்னொன்று. நான் திருநெல்வேலிப் பக்கம். எங்கள் ஊரில் கவட்டை என்றால் ஓணான் அடிப்பது. கவட்டைக்கு இன்னொரு பொருளும் உண்டு, அம்மாக்கள் இருக்கிற குழுவில் எழுத மாட்டேன். பத்தொன்பது வயதுப் பையன்கள் பன்னிரண்டு பேர் வகுப்பில் கவையிலிருந்து அங்கே போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைக்கிறீர்கள்?

பெரம்பூர், செவ்வாய் மாலை

பன்னிரண்டு பேரில் ஐந்து பேர் பெண்கள் என்று ஆசிரியர் என்னிடம் சொன்னார். அவர்களுக்கும் தெரியும். நீங்கள் தாராளமாக எழுதலாம்.

மயிலாப்பூர், செவ்வாய் இரவு

கவைக்கு உதவாதது என்றால், முட்டுக்கொடுக்கும் கவைக்கோலாகக் கூடப் பயன்படாத மரம். அப்படியானால் குறைந்தபட்சப் பயனே கவைதானே? வசவு சொல்லின் மேல் இல்லை, உதவாதவன் மேல். தம்பி இதைக் கவனிக்கவேண்டும்.

அடையாறு, புதன் காலை

நான் வழங்கிகளோடு குடும்பம் நடத்துபவன். எனக்கு ஃபோர்க் என்றால் முதலில் நினைவுக்கு வருவது கிட் இல்லை, யூனிக்ஸ் இயங்குதளம். ஓடிக்கொண்டிருக்கும் செயல் ஒன்று தன்னைப்போலவே இன்னொன்றைப் பெற்றெடுக்கும். பிறந்த பிறகு இருவரும் ஒரே வரியில் நிற்பார்கள். நான் தாயா பிள்ளையா என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, திரும்பி வந்த எண்ணைப் பார்ப்பது. பிள்ளைக்குச் சுழியம் வரும், தாய்க்குப் பிள்ளையின் எண் வரும். மயிலாப்பூர் ஐயாவின் கவைமக இங்கே அச்சாகப் பொருந்துகிறது. அந்த வரைக்கும் என் ஓட்டு கவைக்கு.

ஆனால் மூன்றாவது ஃபோர்க் ஒன்று இருக்கிறதே? 2010இல் ஓப்பன் ஆஃபீஸை வைத்திருந்த சன் நிறுவனம் ஆரக்கிள் கைக்குப் போனது. அந்த ஆண்டு செப்டம்பரிலேயே ஓப்பன் ஆஃபீஸ்காரர்களில் பலர் மூட்டையைக் கட்டிக்கொண்டு லிப்ரே ஆஃபீஸ் என்று வெளியே வந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, சன்னிடம் இருந்த மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தை உருவாக்கியவர் அதே கவலையில் (ஐயாவின் இரண்டு பொருளிலும்) மரியாடிபியைத் தொடங்கினார். பழையதற்கு மூத்த மகள் மை பெயர், புதியதற்கு இளைய மகள் மரியா பெயர். 2024இல் ரெடிஸ் என்ற தரவுத்தளம் உரிமத்தை மாற்றியதும் வால்கீ பிரிந்தது. இதெல்லாம் மாணவன் பொத்தானை அழுத்தி நகல் எடுப்பதோடு ஒன்றா? அது நல்லெண்ணத்தில் செய்வது, மாற்றத்தைத் திருப்பி அனுப்பத்தான் நகலே எடுக்கிறான். இது மாமியாரோடு சண்டை போட்டுத் தனிக்குடித்தனம் போவது. ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் ஒப்பேற்றினால் நாமும் ஒப்பேற்றவேண்டுமா? பொத்தானுக்கு ‘படி’ என்று வையுங்கள். படியெடுத்தல் நகலெடுத்தல்தானே. சண்டைக்குப் ‘பிளவு’.

வேளச்சேரி, புதன் காலை

படி என்று பொத்தானில் இருந்தால் மாணவன் படிப்பான். அழுத்த மாட்டான்.

அப்புறம், சென்னையில் மத்திய அரசின் சிடாக் நிறுவனம் செய்த பாஸ் லினக்ஸ் இயங்குதளம் டெபியன் என்ற இன்னொரு லினக்ஸிலிருந்து வந்தது. அது கவையா, படியா, பிளவா? அரசு கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோசோடு கூடவே வந்தது. என் தங்கை மகன் அதை ஒரே ஒரு முறை திறந்தான், தவறுதலாக.

அடையாறு, புதன் மதியம்

மூன்றும் இல்லை. டெபியனோடு அது உறவை முறித்துக்கொள்ளவில்லை, அங்கிருந்து வருவதை வாங்கித் தன் சரக்கைச் சேர்க்கிறது. அதை ‘வழித்தோன்றல்’ என்னலாம். உங்கள் மருமகன் திறக்காததற்கு பாஸ் என்ன செய்யும்? அதில் பாடம் எடுக்க ஆசிரியர்களுக்கு யாராவது சொல்லிக் கொடுத்தார்களா? கணினியை வாங்கக் காசு ஒதுக்குகிறோம், கட்டற்ற மென்பொருளைப் புழங்கப் பழக்குவதற்குக் காசு ஒதுக்குவதில்லை. அண்டை மாநிலமான கேரளத்தில் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த பிறகுதான் லினக்ஸ் வகுப்பறைக்குள் நின்றது.

பிளவு என்றதும் நினைவு வருகிறது. 1999இல் இதே சென்னையில் மாநாடு கூட்டித் தமிழ் எழுத்துருக் குறியேற்றத்துக்குத் தரம் வகுத்தோம். ஒன்றுபடுத்தக் கூடிய கூட்டம், டாம், டாப் என்று இரண்டு தரத்தோடு வெளியே வந்தது. நம் ஊர் ஃபோர்க்குகளின் வரலாற்றை எழுதுவதானால்

மட்டுறுத்துநர், புதன் மதியம்

தலைப்புக்கு வாருங்கள். வெள்ளிக்கிழமை என்று சொல்லியிருக்கிறார்கள்.

பெரம்பூர், வியாழன் காலை

நேற்று இரவு எல்லாவற்றையும் இடைமுகத்தில் போட்டுப் பார்த்தேன்.

‘பிளவு’ பார்த்தாலே ஏதோ உடைந்துவிட்ட அறிவிப்பு போல இருக்கிறது. ‘படி’ பற்றித் தம்பி சொன்னது சரி. ‘கவர்’ எனக்குப் பிடித்திருந்தது, ஆனால் கவர் என்று படித்ததும் என் வீட்டுக்காரர் ‘தபால் கவரா, காசு வைத்துக் கொடுக்கிற கவரா?’ என்று கேட்டார். ‘கவை’ அகலத்துக்குப் பொருந்துகிறது. ‘12 கவைகள்’, ‘இதிலிருந்து கவைத்தது’. பார்க்க அந்நியமாகத்தான் இருக்கிறது. ‘கோப்பு’, ‘உலாவி’ எல்லாம் முதலில் எனக்கு அப்படித்தான் இருந்தன.

அடையாறு சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் சண்டை ஃபோர்க்குக்குப் பொத்தான் கிடையாது. அது கட்டுரையில் வருவது. கட்டுரை எழுதுபவர் தனிக்குடித்தனம் என்றே எழுதட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை.

மட்டுறுத்துநர், வியாழன் இரவு

வந்த ஓட்டுகள்: கவை 5, ஃபோர்க் 3, படி 1. ‘எதுவானாலும் சரி, மின்னஞ்சல் வருவது நின்றால் போதும்’ 2.

வேளச்சேரி, வியாழன் இரவு

மறுப்பைப் பதிவு செய்கிறேன். பெரும்பான்மை தப்பு செய்யக் கூடாது என்று விதி இல்லை.

தாம்பரம், சனி மாலை

நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

‘கவை’ என்று போட்டு, முதல் முறை வரும் இடத்தில் மட்டும் பக்கத்தில் ஃபோர்க் என்று எழுதினேன். பிடிஎஃப் ஆக்காமல் ஆவணமாகவே கொண்டுபோனேன், அது என் தவறு. கடைக் கணினியில் தமிழ் எழுத்துகளைச் சேர்த்துக் காட்டும் வசதி சரியாக இல்லை. முப்பது பக்கமும் ‘கவ’ என்று வந்து, அதன் பக்கத்தில் ஒரு புள்ளி வட்டத்தைக் கட்டிக்கொண்டு ஐகாரக் கொம்பு தனியாக நிற்கிறது. கடைக்காரத் தம்பி ‘படிக்க முடியுதுல்ல சார்?’ என்றார். மணி எட்டு ஆகிவிட்டது. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வகுப்பில் கரும்பலகையில் Y வடிவக் குச்சி ஒன்றை வரைந்து விளக்கினேன். வேளச்சேரி சொன்னது போலப் பின்வரிசையில் சிரிப்பு வந்தது, இரண்டு நிமிடத்தில் அடங்கியது. இந்த முறை பன்னிரண்டு பேரும் தங்கள் கணக்கில் தனியாக எடுத்தார்கள். பொதுக் களஞ்சியத்தில் ஒருவரும் கை வைக்கவில்லை. எழுதும் அனுமதியையும் நான் பிடுங்கிவிட்டேன், அதனால் இது சொல்லின் வெற்றியா என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. முடித்ததும் ஒரு பெண் சொன்னது: ‘சார், கவை ஃபோர்க் பண்ணிட்டேன்.’

மயிலாப்பூர், சனி இரவு

மகிழ்ச்சி. ஆனால் அனுப்பிய கோப்பின் மூன்றாம் பக்கத்தில் ‘கவை பொத்தான்’ என்று இருக்கிறது. ஒற்று மிகவேண்டும். கவைப் பொத்தான்.

பெரம்பூர், சனி இரவு

ஐயா, அது என்னிடமிருந்து போன வரி. அங்கே கவையை வினையாகக் கொண்டேன். கவைத்த, கவைக்கின்ற, கவைக்கும் பொத்தான். வினைத்தொகையில் வல்லினம் மிகாதே.

மயிலாப்பூர், சனி இரவு

கவைத்தல் என்ற வினைக்கு இலக்கிய ஆட்சி காட்டுங்கள்.

பெரம்பூர், சனி இரவு

செவ்வாய் மதியம் நீங்கள் எழுதிய மின்னஞ்சல், கடைசி வரி.

வேளச்சேரி, ஞாயிறு காலை

ஃபோர்க் பொத்தான் என்றால் மிகுமா, மிகாதா?

மயிலாப்பூர், ஞாயிறு காலை

மிகாது. ஆனால் ‘ஃபோர்க்கு’ என்று உகரம் சேர்த்து எழுதுவீர்களானால் அது வன்றொடர்க் குற்றியலுகரம் ஆகிவிடும். அப்போது மிகும்.