ஜெல்லிஃபின்: கல்யாண வீடியோ டிவியில் நின்று நின்று ஓடுகிறது, அவசரம்

மாடிவீடு:
வீட்டுக் கம்ப்யூட்டரில் இருக்கும் வீடியோக்களை டிவிக்கு அனுப்ப ஜெல்லிஃபின் சர்வர் வைத்திருக்கிறேன். டிவியில் வீடியோ இரண்டு விநாடி ஓடும், அப்புறம் வட்டம் சுற்றும். சர்வரை ரீஸ்டார்ட் செய்தும் அதே கதைதான். நாளை ஊரிலிருந்து அம்மா வருகிறார், தங்கை கல்யாணத்தைப் போட்டுக் காட்ட வேண்டும். யாராவது சீக்கிரம் சொல்லுங்களேன்.

கம்பிவடம்:
வைஃபைதான். ரூட்டரிலிருந்து டிவிக்கு லேன் கேபிள் இழுங்கள், சரியாகிவிடும்.

தென்பொதிகை:
சர்வர் எந்தக் கம்ப்யூட்டரில் ஓடுகிறது? எல்லா வீடியோவும் இப்படியா, இது மட்டுமா?

மாடிவீடு:
பழைய டெஸ்க்டாப், ஐ5 நான்காம் தலைமுறை, 8 ஜிபி ரேம். போனில் எடுத்ததெல்லாம் நன்றாக ஓடுகிறது, கல்யாணம் மட்டும்தான் தகராறு. அதே ஃபைல் அந்தக் கம்ப்யூட்டரில் விஎல்சியில் ஓரளவு ஓடுகிறது.

மூத்தவன்77:
இதைப் பலமுறை எழுதியாகிவிட்டது. கேட்பதற்கு முன் பழைய இழைகளைத் தேடும் பழக்கம் வேண்டும். நான்காம் தலைமுறை குவிக் சிங்க்குக்கு (இன்டெல் சிப்பில் வீடியோவைக் கையாளும் பகுதி) எச்இவிசி (எச்.264-க்கு அடுத்து வந்த வீடியோ சுருக்க முறை) தெரியாது. இன்டெல் என்100 சிப் உள்ள மினி பிசி வாங்குங்கள், பிரச்சினை தீர்ந்தது.

தென்பொதிகை:
எச்இவிசிதான் என்று இன்னும் தெரியவில்லையே சார். தம்பி, வீடியோ ஓடும்போது ஜெல்லிஃபின் டாஷ்போர்டைத் திறந்து பாருங்கள். டைரக்ட் பிளேயா (ஃபைல் அப்படியே போகிறதா), டிரான்ஸ்கோடா (சர்வர் வேறு வடிவத்துக்கு மாற்றி அனுப்புகிறதா)? அந்த ஃபைலை மீடியாஇன்ஃபோவில் (ஃபைலின் விவரம் காட்டும் மென்பொருள்) திறந்து, வரும் விவரத்தையும் இங்கே போடுங்கள்.

மாடிவீடு:
டிரான்ஸ்கோட். சிபியு 100 சதவீதம். மீடியாஇன்ஃபோவில்: ஏவிசி, ஹை 4:2:2, 10 பிட், 4கே, 140 எம்பிபிஎஸ், ஆடியோ பிசிஎம். எடிட் செய்த வீடியோ இன்னும் வரவில்லை. கேமராவில் இருந்ததை அப்படியே ஹார்ட் டிஸ்க்கில் போட்டுத் தந்தார்கள்.

கம்பிவடம்:
140 எம்பிபிஎஸ்! வைஃபை எப்படித் தாங்கும்? கேபிள் இழுங்கள் என்று முதலிலேயே சொன்னேன்.

ஈரோடு_நெட்:
பெரும்பாலான டிவிகளில் லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ்தான். 140 அதில் எப்படிப் போகும்? ரூட்டர் பக்கத்தில் இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையே மேல்.

கம்பிவடம்:
வேகம் மட்டுமா முக்கியம்? பக்கத்து வீட்டு வைஃபையெல்லாம் குறுக்கே வரும் அபார்ட்மென்டில் இருந்து பாருங்கள். கேபிளுக்கு அந்தத் தொல்லையே கிடையாது.

ஈரோடு_நெட்:
அதை நான் மறுக்கவில்லை. போர்ட் 100 என்பதைத்தான் சொல்கிறேன்.

தென்பொதிகை:
இரண்டு பேரும் சொல்வது சரிதான், ஆனால் இங்கே தடை நெட்வொர்க் அல்ல. டிவிக்குப் போவது டிரான்ஸ்கோட் ஆன சிறிய ஸ்ட்ரீம். அதைத் தயார் செய்யத்தான் சிபியு திணறுகிறது.

மீடியாஇன்ஃபோ ஏவிசி என்று காட்டுவது எச்.264-இன் இன்னொரு பெயர். ஆனால் எச்.264 எல்லாம் ஒன்றல்ல. டிவிகள் எதிர்பார்ப்பது 8 பிட், 4:2:0 (பிட் கூடினால் நிறச் சாயல்கள் கூடும்; 4:2:0-ஐவிட 4:2:2-இல் நிற விவரம் அதிகம்). கேமராக்காரர்கள் பின்னால் நிறம் திருத்த வசதியாக 10 பிட் 4:2:2-இல் எடுப்பார்கள். அதை டிவியின் சிப்பால் பிரிக்க முடியாது. என்100-இன் குவிக் சிங்க்கிலும் எச்.264 10 பிட்டுக்கு டிகோடர் இல்லை, அதனால் இதற்காகப் புதிதாக வாங்கிப் பயனில்லை.

ஒரே தடவை மாற்றி வைத்துவிடுங்கள். ஹேண்ட்பிரேக் (வீடியோ மாற்றும் இலவச மென்பொருள்) போதும். அதில் எச்.264 எக்ஸ்264, ப்ரொஃபைல் ஹை, தரம் ஆர்எஃப் 20, அளவு 1080பி, ஆடியோ ஏஏசி. உங்கள் கம்ப்யூட்டரில் 4கே-யாகவே மாற்றினால் நாளைக்குள் முடியாது. முதலில் முகூர்த்தம் இருக்கும் ஃபைலை மட்டும் போடுங்கள். ஒரிஜினலை அழிக்காதீர்கள், இன்னொரு டிஸ்க்கிலும் ஒரு பிரதி வையுங்கள். எடிட்டிங்குக்கு அதுதான் வேண்டும்.

மூத்தவன்77:
என்100 பொதுவாக நல்ல முதலீடு என்றுதான் சொன்னேன். ஃபைல் விவரத்தை முதலிலேயே போட்டிருந்தால் இவ்வளவு நீண்டிருக்காது.

மாடிவீடு:
தாலி கட்டும் பகுதி தடங்கல் இல்லாமல் ஓடுகிறது. மீதியை ராத்திரி ஓடவிட்டிருக்கிறேன். நன்றி அண்ணா.

வடசேரி:
எனக்கும் இதே 4:2:2 தான், ஆனால் மாற்றியபின் நிறம் வெளிறித் தெரிகிறது. கேமராவில் லாக் ப்ரொஃபைலில் (பின்னால் நிறம் திருத்தவென்றே இருக்கும் அமைப்பு) எடுத்திருந்தால் இப்படி வருமா? மாடிவீடு, உங்களுக்கு நிறம் சரியாக இருக்கிறதா?