ஆம்னி கேம்பர்: பெட்ரோல் ஹோஸ் வெடிப்பு

கேள்வி (செங்கோட்டை): 2006 மாருதி ஆம்னி வேன் (எம்பிஐ, அதாவது இன்ஜெக்டர் வழியா பெட்ரோல் தெளிக்கும் மாடல்), உள்ளேயே தங்கிப் பயணிக்கும் கேம்பராக மாற்றியது. ஹோஸ் முனைகளில் வெடிப்பு, பெட்ரோல் வாடை. ஆரியங்காவு வழியா கேரளா போகணும். எந்த ஹோஸ் போடலாம் அண்ணாச்சி?

பதில் (புனலூர்): வாடை இருக்கும்போது வண்டியை எடுக்காதீங்க தம்பி, தீப்பிடிக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய நைட்ரைல் ரப்பரை ஊதவைக்கும், காய்ந்ததும் வெடிக்கும். எஸ்ஏஇ ஜே30 ஆர்9 (இன்ஜெக்டர் வண்டி பெட்ரோல் ஹோஸுக்கான தரக்குறி) அச்சிட்ட ஹோஸ் கேளுங்க. ஹோஸ் மாட்டும் பைப்பின் வெளிவிட்டத்தை வெர்னியர் அளவுகோலில் அளந்துட்டுப் போங்க. டேங்குக்குள் மூழ்கும் துண்டுக்கு மட்டும் ஆர்10.

பதில் (தென்காசி): பம்ப் ஃபியூஸை உருவிட்டு, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்க. பிறகு பேட்டரி நெகட்டிவ் வயரைக் கழட்டுங்க. ஒட்டிப்போன ஹோஸை இழுத்தால் பைப் வளையும்; பைப்பில் கீறல் விழாமல் நீளவாக்கில் அறுத்து உரிங்க. துளை போட்ட கிளிப் ரப்பரை அறுக்கும், விளிம்பு மழுங்கிய இன்ஜெக்‌ஷன் கிளிப்தான் சரி. மிச்சப் பெட்ரோலை டேங்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் லைனையும் சேர்த்து மாத்துங்க, அதைத்தான் பலரும் விட்டுடுறாங்க.

பதில் (புனலூர்): புது ஹோஸ்ல கிரீஸ், டயர் பாலிஷ் எதுவும் தடவாதீங்க.