தனியார் டிரஸ்டில் 'கையெழுத்து மட்டும்' டிரஸ்டி: சொந்தப் பணத்துக்கு ஆபத்து உண்டா?

கேள்வி:
உறவினர் தன் மைனர் பிள்ளைகளுக்காக எழுதும் டிரஸ்டில் இரண்டாவது டிரஸ்டியாக இருக்கச் சொல்கிறார். வரவு செலவெல்லாம் முதல் டிரஸ்டி பார்த்துக்கொள்வாராம், நான் கையெழுத்துப் போட்டால் போதுமாம். பணம் குறைந்தால் நான் கட்ட வேண்டி வருமா?

பதில் 1:
வரலாம் சார். 'கையெழுத்து மட்டும்' டிரஸ்டி என்று சட்டத்தில் யாரும் கிடையாது. 1882 இந்திய அறக்கட்டளைச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, கூட்டு டிரஸ்டியின் தவறுக்கு மற்றவர் பொறுப்பல்ல என்றுதான் தொடங்குகிறது. மாட்டிவிடுவது அதன் விதிவிலக்குகள். பணத்தை அவரிடம் ஒப்படைத்துவிட்டு அது எதற்குப் போனது என்று பார்க்காமல் இருப்பது, அவர் வசூலித்ததை விசாரிக்காமல் விடுவது, தேவைக்கு மேல் அவர் கையிலேயே இருக்க விடுவது, தவறு தெரிந்தும் நியாயமான காலத்துக்குள் நடவடிக்கை எடுக்காதது. உங்களுக்குச் சொல்லப்பட்ட ஏற்பாடே இதுதான்!

வங்கிக் கணக்கை இருவரும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடியும்படி தொடங்குங்கள். மாத ஸ்டேட்மென்ட் உங்களுக்கும் நேரடியாக வரட்டும். வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவே கூடாது. சந்தேகத்தை எழுத்தில் கேட்டு, நகல் வையுங்கள்.

கேட்டவர்:
'நஷ்டத்துக்குப் பொறுப்பில்லை' என்று பத்திரத்தில் எழுதிக்கொண்டால்?

பதில் 2:
கூட்டு டிரஸ்டியின் தவறு விஷயத்தில் அப்படி எழுத 26ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் 15ஆம் பிரிவின் கவனக் கடமை (டிரஸ்ட் சொத்தைச் சொந்தச் சொத்தைப் போலக் கவனமாகப் பார்க்க வேண்டும் என்பது) அதற்கு மேல் நிற்கிறது. உங்கள் சொந்த அலட்சியத்தை அந்த வரி மூடாது.

அதைவிட முக்கியம், விலகும் வழி. ஏற்கும் முன் மறுக்கலாம் (10ஆம் பிரிவு). ஏற்ற பிறகு நீதிமன்ற அனுமதி, பயனாளியின் சம்மதம், பத்திரம் தரும் அதிகாரம் இந்த மூன்றில் ஒன்று வேண்டும் (46ஆம் பிரிவு). மைனரால் சம்மதம் தர முடியாது. ஆகவே விலகும் உரிமையைப் பத்திரத்திலேயே கேட்டு வாங்குங்கள்.

பதில் 3:
பணத்தைச் சும்மா கிடக்க விட்டாலும் பொறுப்புதான். வட்டி வந்திருக்க வேண்டிய பணத்துக்கு 23ஆம் பிரிவுப்படி, நீதிமன்றம் வேறு சொல்லாவிட்டால், 6 சதவீத எளிய வட்டி. முதலீடு செய்து வட்டியையும் சேர்த்து வளர்க்க வேண்டிய தொகை என்றால் அரையாண்டுக் கூட்டு வட்டி. டிரஸ்டியாகச் செய்த ஒரு கடமை மீறலின் நஷ்டத்தை வேறொரு மீறலின் லாபத்தில் கழிக்கவும் முடியாது (24ஆம் பிரிவு).

நிர்வாகத்தில் குழப்பம் வந்தால் 34ஆம் பிரிவுப்படி மாவட்ட நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்கலாம். உண்மைகளை நேர்மையாகச் சொல்லி அதன்படி நடந்தால் அந்த விஷயத்தில் கடமையைச் செய்ததாகவே கருதப்படும். பலர் இதைப் பயன்படுத்துவதே இல்லை, அது வருத்தம்.