ஒன்பது பேரும் ஒரே வீட்டில்: டிஸ்னி வேர்ல்டில் எங்கே தங்கினீர்கள்?

ஷார்லட்டிலிருந்து, கேட்பவர்

அப்பாவும் அம்மாவும் மதுரையிலிருந்து வருகிறார்கள். விசா கிடைத்துவிட்டது. பிப்ரவரிக் கடைசியில் எல்லோருமாக ஆர்லாண்டோ போவதாக முடிவு. நாங்கள் இருவர், ஏழு வயதிலும் இரண்டு வயதிலும் பிள்ளைகள், அப்பா, அம்மா, கொழுந்தனார், ஓரகத்தி, அவர்களுடைய ஐந்து வயதுப் பையன். ஆக ஒன்பது பேர்.

அப்பாவுக்கு முழங்கால் வலி. கொஞ்ச தூரம் நடப்பார், பிறகு உட்கார வேண்டும். அம்மா சுத்த சைவம், முட்டை கலந்த கேக்கைக்கூடத் தொடமாட்டார். ஆளுக்கொரு அறை எடுத்துக்கொண்டு பிரிந்து கிடக்க யாருக்கும் மனசில்லை. ராத்திரி எல்லோரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து பேச வேண்டும், அதற்காகத்தான் இந்தப் பயணமே. பே லேக் டவர், கிடானி வில்லேஜ், பாலினீசியன் மூன்று டிஸ்னி விடுதிகளுக்கும் நடுவே நிற்கிறோம். விலையை நான் பார்த்துக்கொள்கிறேன். பெரியவர்களோடு தங்கியவர்கள் எப்படி இருந்தது என்று சொல்லுங்கள்.

டாலஸிலிருந்து

கிடானியிலும் தங்கியிருக்கிறேன், பே லேக் டவரிலும் தங்கியிருக்கிறேன் தங்கச்சி. இரண்டு தடவையும் மாமனார், மாமியார் கூட இருந்தார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் குளியலறையைப் பாருங்கள். டிஸ்னி விடுதியில் தங்குகிறவர்களைப் பூங்கா திறப்பதற்கு அரை மணி நேரம் முன்பே உள்ளே விடுவார்கள். கூட்டம் சேருவதற்குள் ஒன்றிரண்டு பெரிய சவாரிகளை முடிக்க அந்த அரை மணி நேரம்தான் கைகொடுக்கும். அதைப் பிடிக்க வேண்டுமானால் ஒன்பது பேரும் விடிந்த கையோடு குளித்துக் கிளம்பியாக வேண்டும். கல்யாண வீட்டுக் காலை மாதிரிதான் இருக்கும். வில்லா என்றால் விடுதிக்குள்ளேயே வீடு மாதிரி இருக்கும் தங்குமிடம். கிடானியிலும் பே லேக் டவரிலும் இரண்டு படுக்கையறை வில்லாவுக்கு மூன்று குளியலறை உண்டு. கூடத்துக்குப் பக்கத்தில் தனியாக ஒன்று இருப்பதால், சோபாவில் படுத்தவர்கள் யாருடைய அறைக்குள்ளும் போகாமல் குளித்துவிடலாம். பெரிய குடும்பத்துக்கு இதைவிட முக்கியமான வசதி எதுவும் இல்லை என்பேன்.

அடுத்தது படுக்கை. இரண்டு படுக்கையறை வில்லாவில் ஒன்பது பேர் தங்கலாம் என்று போட்டிருப்பார்கள். கூடத்தில் விரிக்கும் சோபாவும், படுக்கையாக மாறும் நாற்காலியும் அந்தக் கணக்கில் அடக்கம். பெரிய படுக்கையறையை அப்பா, அம்மாவுக்குக் கொடுத்துவிடுங்கள். அந்தக் குளியலறையில் தொட்டி தனி, ஷவர் தனி. முழங்கால் வலிக்காரர் தொட்டி விளிம்பைத் தாண்டிக் காலைத் தூக்கி வைத்துக் குளிக்க வேண்டியதில்லை. அதுவும் சிரமம் என்றால், சக்கர நாற்காலியோடு போகக்கூடிய ஷவர் உள்ள வில்லாக்கள் தனியாக இருக்கின்றன. பதிவு செய்யும்போதே கேட்க வேண்டும்.

இரண்டாவது படுக்கையறையில் இரண்டு வகை உண்டு. ஒன்று முழு வில்லாவாகவே கட்டியது, அதில் இரண்டு குயின் கட்டில் இருக்கும். இன்னொன்றை லாக்-ஆஃப் என்பார்கள். ஒரு படுக்கையறை வீட்டையும் பக்கத்து ஒற்றை அறையான ஸ்டுடியோவையும் நடுக்கதவு வைத்து இணைத்திருப்பார்கள். ஸ்டுடியோவுக்கு வராந்தாப் பக்கம் தனி வாசல், சின்ன ஃபிரிட்ஜ், மைக்ரோவேவ் எல்லாம் இருக்கும், ஆனால் கட்டில் ஒன்றுதான், மற்றது சோபா. உங்கள் கொழுந்தனார் குடும்பத்துக்கு அந்தத் தனி வாசல் சௌகரியம். பையன் சீக்கிரம் தூங்கிவிட்டால் நடுக்கதவைச் சாத்திக்கொள்ளலாம். எது வேண்டும் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

சமையலறை முழுமையானது. அடுப்பு, அவன், பெரிய ஃபிரிட்ஜ், தட்டு, பாத்திரம் எல்லாம் உண்டு. துணி துவைக்கும் இயந்திரமும் உள்ளேயே இருக்கிறது. நாங்கள் ஊரிலிருந்தே பருப்பு, புளி, பொடி வகைகளைக் காரில் போட்டுக்கொண்டு, ஆர்லாண்டோவில் இந்தியக் கடையில் தோசை மாவும் தயிரும் வாங்கிக்கொண்டோம். பகலெல்லாம் பூங்காவில் பொரித்ததும் ரொட்டியுமாகச் சாப்பிட்டுவிட்டு ராத்திரி ரசம் சாதம் கிடைத்தபோது மாமியார் முகத்தைப் பார்க்க வேண்டுமே! உங்கள் அம்மாவுக்காகவாவது சமையலறை இல்லாத அறையை எடுக்காதீர்கள்.

இனி இரண்டில் எது என்ற விஷயம். கிடானியின் பெருமை அதன் புல்வெளி. அதைத்தான் சவானா என்பார்கள், அந்தப் பக்கம் பார்த்த வில்லா எடுத்தால் பால்கனிக்குக் கீழேயே ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை, பெரிய கொம்பு மாடுகள் மேயும். மாமனார் காலையில் காப்பியோடு அங்கே உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார். “நீங்க போயிட்டு வாங்க, எனக்கு இதுவே போதும்” என்று ஒரு நாள் முழுக்கப் பூங்காவுக்கே வரவில்லை. அவருக்கு அது வீணான நாள் இல்லை. ஊருக்குப் போன பிறகும் அதைத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். சவானா பக்கம் பார்க்காத வில்லா விலை குறைவு. ஆனால் விலங்கைப் பார்க்க நடந்து போக வேண்டும், முழங்கால் வலிக்காரருக்கு அதில் பாதிப் பயன்தான்.

கீழேயே சனா உணவகம் இருக்கிறது. ஆப்பிரிக்கச் சமையலில் இந்திய வாசனை கலந்தது. ‘நான்’ ரொட்டி வகைகளோடு சட்னி, ஊறுகாய், ராய்த்தா என்று தட்டு நிறைய வைக்கும் ரொட்டி வரிசைதான் அங்கே பிரசித்தம். முட்டை கூடாது என்று உட்கார்ந்ததுமே சொல்லிவிடுங்கள். எதில் இருக்கிறது, எதில் இல்லை என்று கேட்டுச் சொல்வார்கள்.

கிடானியில் யோசிக்க வேண்டியது தூரம். கட்டடம் வளைந்து வளைந்து நீளமாகப் போகும். லிஃப்டுக்குப் பக்கத்தில் வில்லா வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். எல்லாப் பூங்காவுக்கும் பஸ்தான், மோனோரயில் கிடையாது. கோட்டை இருக்கும் மேஜிக் கிங்டம் பூங்கா அங்கிருந்து நல்ல தூரம்.

பே லேக் டவரில் இது நேர் எதிர். கன்டெம்பரரி விடுதியோடு பாலத்தால் இணைந்த கட்டடம். மேஜிக் கிங்டம் வாசலுக்குப் பத்து நிமிட நடை, வழியெல்லாம் சமதளம். நடக்க முடியாவிட்டால் கன்டெம்பரரி கட்டடத்துக்குள்ளேயே மோனோரயில் வந்து நிற்கிறது. இதனால் என்ன லாபம் என்றால், பகல் ஒரு மணிக்கு அப்பாவுக்குக் கால் வலித்தால் யாராவது ஒருவர் அழைத்துக்கொண்டு வந்து படுக்க வைத்துவிட்டுத் திரும்பிப் போய்விடலாம். சின்னக் குழந்தையும் தாத்தாவோடு தூங்கும். சாயங்காலம் எழுந்து வாணவேடிக்கைக்கு மறுபடி எல்லோரும் போகலாம். இந்த வசதி இல்லாத இடத்தில் பெரியவர்கள் ‘பரவாயில்லை, பரவாயில்லை’ என்று பல்லைக் கடித்துக்கொண்டு நாள் முழுக்கப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். நம் அப்பா, அம்மா வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், நாம்தான் முன்பே யோசிக்க வேண்டும்.

உங்கள் அப்பாவின் முழங்காலை நினைத்தால் என் ஓட்டு பே லேக் டவருக்கே. முடிந்தால் கடைசியில் ஓரிரு இரவு மட்டும் கிடானி. ஒரு டிஸ்னி விடுதியிலிருந்து இன்னொன்றுக்குப் பெட்டிகளை அவர்களே கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள்.

நியூ ஜெர்சியிலிருந்து

பாலினீசியன் பற்றி யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். டிஸ்னி வேர்ல்ட் 1971ல் திறந்தபோதே இருந்த விடுதி அது. ஏரிக்கரை மணலில் உட்கார்ந்தபடி கோட்டைக்கு மேல் வாணவேடிக்கை பார்க்கலாம். மோனோரயில் உண்டு. இன்னொரு டிஸ்னி பூங்காவான எப்காட்டுக்குப் போகும் மோனோரயில் கிளம்பும் நிலையத்துக்கு நடந்தே போய்விடலாம் என்பதால் இடையில் மாறி ஏறும் வேலை மிச்சம்.

ஆனால் பழைய கட்டடங்களில் இருக்கும் வில்லாக்கள் ஐந்து பேருக்கான ஸ்டுடியோக்கள். நாங்கள் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு எடுத்தோம். இரவு பிள்ளைகள் தூங்கியதும் பெரியவர்கள் கூடிப் பேச ஒரு கூடம் இல்லாதது பெரிய குறையாகத் தெரிந்தது. தண்ணீருக்கு மேல் கட்டிய பங்களாக்களில் எட்டுப் பேர் வரை தங்கலாம், விலை தலைசுற்றும். 2024 டிசம்பரில் ஐலண்ட் டவர் என்று புதுக் கட்டடம் திறந்திருக்கிறார்கள். அதில் இரண்டு படுக்கையறை வில்லாக்கள் இருக்கின்றன. பாலினீசியன்தான் வேண்டும் என்றால் அதைப் பாருங்கள்.

இன்னொன்று, மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தை தொட்டில் கட்டிலில் படுத்தால் டிஸ்னி வில்லாக்களில் அதை ஆள்கணக்கில் சேர்ப்பதில்லை. பூங்கா டிக்கெட்டும் வேண்டாம். ஆகவே நீங்கள் கணக்குப்படி எட்டுப் பேர்தான்.

ஹூஸ்டனிலிருந்து

எங்கள் வீட்டில் எல்லாம் பதின்ம வயதுப் பிள்ளைகள், அதனால் ஆர்லாண்டோவிலேயே இருக்கும் யுனிவர்சல் பூங்காக்கள் பக்கம் போனோம். ராயல் பசிஃபிக், ஹார்ட் ராக், போர்ட்டோஃபினோ பே இந்த மூன்று விடுதிகளில் தங்கினால் அறையில் பதிவான ஒவ்வொருவருக்கும் நீண்ட வரிசையைத் தவிர்க்க உதவும் எக்ஸ்பிரஸ் பாஸ் இலவசம். வந்து இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் அதில் சேர்த்தி. தலைக்குத் தலை அந்தப் பாஸை விலைக்கு வாங்கினால் எவ்வளவு ஆகும் என்று கூட்டிப் பாருங்கள், ஆள் கூடக் கூட விடுதிதான் மலிவாகத் தெரியும். ஆனால் 2025 மே மாதம் திறந்த எபிக் யுனிவர்ஸ் பூங்காவில் அந்தப் பாஸ் செல்லாது. அதற்காகவே போகிறவர்கள் அந்தப் பூங்காவுக்குள் நேராகத் தனி வாசல் உள்ள ஹீலியோஸ் கிராண்ட் விடுதியைப் பார்க்கலாம்.

அக்கா, உங்கள் பிள்ளைகள் வயதுக்கு யுனிவர்சல் இன்னும் சில வருஷம் பொறுக்கட்டும். உயரக் கட்டுப்பாட்டில் பாதிச் சவாரி போய்விடும். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதினேன்.

டாம்பாவிலிருந்து

மாற்றுக் கருத்து ஒன்று. பக்கத்து ஊரான கிஸிம்மியில் நீச்சல்குளத்தோடு ஐந்து படுக்கையறை வீடே வாடகைக்குக் கிடைக்கிறது. இந்த வில்லா விலையில் பாதிகூட ஆகாது. ஏன் யாரும் சொல்லவில்லை?

டாலஸிலிருந்து

வீடு நல்ல யோசனைதான் தம்பி, பெரியவர்கள் இல்லாவிட்டால் நானும் அதையே எடுப்பேன். ஆனால் மேஜிக் கிங்டத்துக்குக் காரில் போனால் வாசலில் நிறுத்த முடியாது. ஏரிக்கு இந்தப் பக்கம் நிறுத்திவிட்டு, அங்கிருந்து மோனோரயிலோ படகோ பிடிக்க வேண்டும். நடுப்பகலில் தாத்தாவை வீட்டுக்குக் கூட்டிப் போய் மறுபடி வருவது பெரும்பாலும் நடக்காது. நீண்ட வரிசையில் நிற்காமல் சவாரி ஏற உதவும் லைட்னிங் லேன் முன்பதிவும் டிஸ்னி விடுதியில் இருப்பவர்களுக்கு ஏழு நாள் முன்பே திறக்கும், வெளியே தங்குகிறவர்களுக்கு மூன்று நாள் முன்புதான். எல்லோரும் ஒரே நேரத்தில் ஏற வேண்டும் என்றால் அந்த நாலு நாள் வித்தியாசம் தெரியும்.

சான் ஹோசேயிலிருந்து

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த வில்லாக்கள் எல்லாம் டிஸ்னி வெகேஷன் கிளப் உறுப்பினர்களுடையவை. அவர்கள் தங்குவதற்காக வைத்திருக்கும் பாயின்டுகளை மற்றவர்களுக்கு வாடகைக்கு விடுவார்கள். நேராக டிஸ்னியில் பதிவு செய்வதைவிட நன்றாகவே குறையும். பே லேக் டவரில் பாயின்டு வைத்திருப்பவர் அங்கே பதினோரு மாதம் முன்பே பதிவு செய்யலாம், வேறு விடுதிக்காரர் என்றால் ஏழு மாதம்தான். எனவே அந்த விடுதிக்கே உரிய உறுப்பினராகத் தேடுங்கள்.

ஆனால் இப்படி எடுத்தால் பெரும்பாலும் பணம் திரும்ப வராது, தேதியும் மாற்ற முடியாது. எங்கள் வீட்டில் அம்மாவின் சென்னை விசா நேர்காணல் தள்ளிப்போனது. நாங்கள் அப்போது டிஸ்னியிலேயே நேரடியாகப் பதிவு செய்திருந்ததால் தேதியை மாற்றிக்கொள்ள முடிந்தது. பாஸ்போர்ட்டில் விசா ஒட்டிக் கைக்கு வந்த பிறகே பாயின்டு வாடகைக்குப் பணம் கட்டுங்கள். உங்களுக்கு விசா வந்துவிட்டது, தைரியமாகத் தேடலாம். பாயின்டில் தங்கினால் தினமும் அறை சுத்தம் செய்ய வரமாட்டார்கள் என்பதையும் வீட்டில் சொல்லி வையுங்கள்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு: அனஹைம் டிஸ்னிலேண்டில் கிராண்ட் கலிஃபோர்னியன் விடுதியிலிருந்து கலிஃபோர்னியா அட்வெஞ்சர் பூங்காவுக்குள் நேராகவே ஒரு வாசல் இருக்கிறது. அங்கேயும் இரண்டு படுக்கையறை வில்லாக்கள் உண்டு. இரண்டு பூங்காவும் எதிரெதிரே. வயதானவர்களோடு போக அதைவிடச் சுலபமான இடம் நான் பார்த்ததில்லை.

ஷார்லட்டிலிருந்து

எல்லோருக்கும் நன்றி. டாலஸ் அக்கா எழுதியதை ராத்திரி வீட்டுக்காரருக்கும் கொழுந்தனாருக்கும் வாசித்துக் காட்டினேன். பே லேக் டவர் லாக்-ஆஃப் வில்லா, கடைசி இரண்டு இரவு கிடானியில் சவானா பக்கம் என்று முடிவாகிவிட்டது. பே லேக் டவருக்கு பாயின்டு வாடகைக்குத் தேடுகிறோம், கிடானியை நேராக டிஸ்னியிலேயே எடுக்கிறோம்.

பெட்டிகளை அவர்களே மாற்றினால், கிடானியில் அறை சாயங்காலம் நாலு மணிக்குத்தானே கிடைக்கும், அதுவரை அப்பா எங்கே உட்காருவார்?

டாலஸிலிருந்து

பதினோரு மணிக்குப் பே லேக் டவரைக் காலி செய்துவிட்டு நேரே கிடானிக்குப் போய்விடுங்கள். பெயரைப் பதிந்துவிட்டால் மற்ற எல்லா வசதியும் உங்களுக்கு உண்டு, அறை மட்டும்தான் பாக்கி. முன்கூடத்துக்குப் பக்கத்திலேயே விலங்குகளைப் பார்க்கிற மாதிரி உட்கார இடம் இருக்கிறது. அன்றைக்கு மதியச் சாப்பாட்டை சனாவில் வைத்துக்கொள்ளுங்கள். மேசைப் பதிவு அறுபது நாள் முன்பு திறக்கும். ஒன்பது பேருக்கு ஒரே மேசை கிடைப்பது கஷ்டம், அன்று விடியற்காலையிலேயே எழுந்து பதிந்துவிடுங்கள்.